பொகோமிரின் புதுக் கேமரா

செப்டம்பர் 14, வியாழன்

காலையில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன். மதியம் பீன்ஸ் சூப். மாலை புகைப்படச் சங்கக் கூட்டம், வழக்கம்போல் தீயணைப்பு நிலையத்து மாடியில்.

பொகோமிர் புதுக் கேமரா வாங்கிவிட்டான்.

பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான். மேஜை நடுவில் வைத்துவிட்டு, சற்றுமுன் பிறந்த கன்றைக் காட்டுகிறவன்போல் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். வாழ்நாள் முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்தவனுக்கு வேறு எப்படி நிற்க வரும்? எல்லோரும் எழுந்துபோய்ச் சூழ்ந்துகொண்டார்கள். நானும் எழுந்தேன், கடைசியாக.

"இருட்டுல நம்ம கண்ணுக்குத் தெரியாததுகூட இதுக்குத் தெரியும்" என்றான். "இந்த வருஷம்தான் இந்த சென்சார் வந்திருக்கு."

எலக்ட்ரீஷியன் ஸ்டான்கோ சும்மா இருப்பானா? "அப்போ உங்க வீட்டம்மா ஒளிச்சு வச்ச பிராந்தி பாட்டிலைக் கண்டுபிடிச்சிடலாம், டாக்டர்."

"மகிஸ்டர், தொட்டுப் பாரேன். கடிக்காது" என்று பொகோமிர் என் பக்கம் நீட்டினான். மருந்துக்கடையை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது, மருந்துக்கடைக்காரனை அழைக்கும் இந்த 'மகிஸ்டர்' மட்டும் என்னை விட்டபாடில்லை.

தொடவில்லை. மீன் சாப்பிட்டேன், கையில் வாடை இருக்கிறது என்று சொன்னேன். பீன்ஸ் சூப் சாப்பிட்டவன்!

கூட்ட முடிவில் எங்கள் தலைவி வீதா அறிவித்தாள்: ஜனவரி மாதம் நகரக் காட்சிக்கூடத்தின் சுவர் முழுவதும் சங்கத்தில் ஒருவருக்கு மட்டும். பெயர் கொடுப்பவர்கள் நவம்பர் கடைசியில் மூன்று படங்கள் வைக்க வேண்டும். இந்த வருஷப் பொருள், புது மது திறக்கும் மார்ட்டின் திருநாள். நான் பெயர் கொடுத்தேன். இது ஐந்தாவது முறை. சுற்றிப் பார்த்தேன், வேறு யாரும் கை தூக்கவில்லை. ஒரு கணம் நிம்மதி.

பிறகு பொகோமிர் கை தூக்கினான்.

செப்டம்பர் 15

பொறாமை இல்லை. இந்த வயதில் அவனுக்கு அது எதற்கு என்றுதான் யோசிக்கிறேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஒரு வாரமாக, கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்குகிற இந்த சென்சார்களைப் பற்றியே படிக்கிறேன். பழைய வழக்கம், புது மருந்து வந்தால் உள்ளே வரும் காகிதத்தைக் கடைசி வரி வரை படித்துவிடுவேன். படித்தவரையில் அது நல்ல சரக்குதான். என்னுடையது பன்னிரண்டு வருஷத்துக் கேமரா. மங்கிய அறையில் எடுத்தால் நிழலெல்லாம் மணல் தெளித்ததுபோல் புள்ளி புள்ளியாக வரும். புதியதில் வராது. போதாததற்கு, படத்தின் ஒரு மூலையை வெட்டி முழுப்படம்போலப் பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது.

அந்த இடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். வெட்டிப் பெரிதாக்கலாம் என்றால் கிட்டே போகத் தேவையில்லை. பிளாஷ் வேண்டாம் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒருவரையும் கேட்க வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக நான் கூச்சத்தோடு செய்துவந்ததைக் கூச்சமில்லாமல் செய்ய ஒரு கருவி வந்திருக்கிறது. அது அவன் கழுத்தில் தொங்குகிறது. கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாத அவன் கழுத்தில்!

மனைவி மார்ஜெட்டாவிடம் விலையைச் சொன்னேன். சாலட்டுக்குப் பூசணி விதை எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவள் கை நின்றுவிட்டது. "அதுல ரொட்டியும் சுடலாமா?" என்றாள்.

அக்டோபர் 12, வியாழன்

இன்று சங்கத்தில் நான் பேசினேன். தலைப்பு: 'புகைப்படக்காரருக்குப் புது சென்சார் அவசியமா?' தலைப்பை நானே வீதாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏன் கேட்டேன்? இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஆற்றங்கரை, ஒரே முக்காலி, ஒரே அளவு பிரிண்ட். ஒன்று என் கேமராவில், ஒன்று வீதாவின் மகனுடைய ஓரளவு புதிய கேமராவில் எடுத்தது. எது எது என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். பாதிப்பேர் தப்பாகச் சொன்னார்கள். நல்ல வெளிச்சத்தில் சுவரில் மாட்டுகிற அளவுக்கு வித்தியாசமே இல்லை என்று நிரூபித்தேன். அவசியமில்லை என்று முடித்தேன். நடுப்பகல் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்டான்கோ மட்டும் கேட்டான். "அப்போ சும்மா குடுத்தாலும் வேண்டாம்பீங்களா, மகிஸ்டர்?"

எல்லோரும் சிரித்தார்கள். வேண்டாம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

கைதட்டியவர்களில் பொகோமிர்தான் பலமாகத் தட்டினான். "அருமையா சொன்னே! எனக்குப் பாதி புரியல, ஆனா அருமை!" முதுகிலும் ஒரு தட்டு. அவன் கோபப்பட்டிருந்தால் நான் இன்று நன்றாகத் தூங்குவேன்.

அக்டோபர் 19, வியாழன்

பொகோமிர் சந்தைக்குப் போய் எடுத்த படங்களைக் காட்டினான். ஒன்றில் ஒரு கிழவி கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு விலை பேசுகிறாள். கோழி கேமராவைப் பார்க்கிறது. கிழவியும் பார்க்கிறாள். இரண்டு பேருக்கும் ஒரே முகம்.

சென்சார்தான். சந்தைக் கொட்டகைக்குள் அந்த இருட்டில் வேறு எந்தக் கேமராவாலும் அதை எடுக்க முடியாது.

சென்சாராகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் — வேண்டாம், இதை எழுத வேண்டாம்.

நவம்பர் 1, புதன். புனிதர் அனைவர் நாள்

கல்லறைத் தோட்டம். ஊரே அங்கேதான். அம்மா அப்பாவுக்குச் சாமந்தி வைத்து மெழுகுவிளக்கு ஏற்றினோம். நான்கரைக்கே இருட்டத் தொடங்கியது. முழு மேடும் சிவப்பு விளக்குகளால் கனன்றது. முக்காலியை மதில் ஓரமாக நட்டு, தூரத்திலிருந்து முழுக் காட்சியை எடுத்தேன். அழகு. போன வருஷமும் இதே இடத்தில் இதே படம் எடுத்தேன். அதற்கு முந்தின வருஷமும்.

கீழே வரிசைகளுக்கு நடுவே பொகோமிர் தெரிந்தான். முக்காலி இல்லை. ஒரு விதவையின் அருகே குந்தியிருந்தான். படம் எடுக்கிறான் என்று நினைத்தேன். பார்த்தால், காற்றில் அணைந்த அவளுடைய விளக்கைத் தன் தொப்பியால் மறைத்துக்கொண்டு ஏற்றித் தந்தான். அவள் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். கல்லறையில்! அதன் பிறகுதான் கேமராவைத் தூக்கினான்.

"என்ன பாக்கறே?" என்றாள் மார்ஜெட்டா.

"வெளிச்சத்தை" என்றேன்.

நவம்பர் 8, புதன்

பொகோமிர் வீட்டுக்கு வந்தான். சமையலறையில் உட்கார்ந்து மார்ஜெட்டாவின் வால்நட் கேக்கில் பெரிய துண்டைத் தின்றான். பிறகு தன் கேமராவைக் கழற்றி என் முன்னால் வைத்தான்.

"ஒரு வேடிக்கை பண்ணலாமா? மார்ட்டின் அன்னிக்கு நீ இதை வச்சுக்கோ, உன் பழைய பெட்டியை எனக்குக் குடு. மேடையில என்ன சொன்னே? கேமரா முக்கியமில்லன்னே. அப்போ ரெண்டு பேருக்கும் நஷ்டமில்ல."

"எதுக்கு இது?" என்றேன்.

"எதுக்குன்னா? நீ இதைப் பாக்கற பார்வையை நான் பாத்தேன்டா. நாய் கசாப்புக் கடையைப் பாக்கற மாதிரி."

மார்ஜெட்டா சிரித்தாள். சொந்த மனைவி.

மறுத்தால், கேமராதான் முக்கியம் என்று நான் நம்புவது வெளிப்பட்டுவிடும். ஒத்துக்கொண்டால் அவனிடம் பிச்சை வாங்கியதாகும். இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் என் கை அதை எடுத்துவிட்டிருந்தது.

"சங்கத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றேன்.

"கல்லறை மாதிரி இருப்பேன்" என்றான். கல்லறையில் அவன் இருந்த லட்சணத்தைத்தான் பார்த்தேனே.

நவம்பர் 9

இருபது வயதுக்காரன்போல் வீடெங்கும் அலைந்தேன். மேஜை விளக்கு மட்டும் வைத்து மார்ஜெட்டாவை எடுத்தேன். ஒரு புள்ளி இல்லை. அவள் பார்த்துவிட்டு, "என் மூக்கு மயிரெல்லாம் தெரியுது. அழி" என்றாள். அழிக்கவில்லை. எவ்வளவு துல்லியம்! நான் சொன்னதெல்லாம் பொய். இது அவசியம். நிச்சயம் அவசியம்.

நவம்பர் 11, சனி. மார்ட்டின் திருநாள்

ஹாலோஸே மலைச்சரிவில் ஃப்ரான்ச்காவின் திராட்சைத் தோட்டம். வருஷாவருஷம் அங்கே நிலவறையில்தான் புது மதுவுக்கு ஞானஸ்நானம். அவளுடைய மாடுகளையெல்லாம் பொகோமிர் பார்த்தவன். எனக்கு அவளை இருமல் மருந்து வாங்கியவளாகத் தெரியும்.

படிக்கட்டில் இறங்கி நிலவறை வாசலில் நின்றேன். அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. பீப்பாய்கள், இரண்டு மஞ்சள் பல்புகள், காகிதக் கிரீடம் வைத்து ஆயராக வேஷமிட்ட ஸ்டான்கோ. அவன் தம்பி பின்னால் மணி அடிக்கிறான். வாத்துக் கறி வாசனை வாசல்வரை வந்தது. நான் வேலையைத் தொடங்கினேன். சத்தமே இல்லாத கேமரா. ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை. கனவு கண்டதுபோலவே.

பொகோமிர் நேராக உள்ளே போனான். ஐந்து நிமிஷத்தில் அவன் கையில் பன்றிக்கொழுப்புத் தடவிய ரொட்டி, மறு கையில் கோப்பை, கழுத்தில் என் கேமரா. வாரில் நான் தைத்த கறுப்பு நூல்கூட வாசலிலிருந்து தெரிந்தது. "டாக்டர், என்ன இது, புதுசு வாங்கினதா சொன்னாங்க, கிழடா இருக்கு?" என்று ஃப்ரான்ச்கா அதைத் தட்டிப் பார்த்தாள். நல்லவேளை, ஸ்டான்கோ அப்போது உச்சக் குரலில் பீப்பாயை ஆசீர்வதித்துக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை. "கிழடுக்குக் கிழடுதான் ஒத்து வரும்" என்றான் பொகோமிர். சிரிப்பு.

என் கேமராவைக்கூட உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 13, திங்கள்

நேற்று கேமராக்களை மாற்றிக்கொண்டோம். என் கேமராவில் வெங்காய வாடை. இன்று முழுதும் திரை முன்னால் இருந்தேன்.

கூர்மை, நிறம், நிழல், ஒன்றிலும் குறை இல்லை. ஆயரின் கைவிரலில் இருக்கும் பழைய தீக்காயத்தை எண்ணெய்ப் பிசுபிசுப்போடு பார்க்கலாம். கோப்பை விளிம்பில் ஒட்டிய நுரை. வெட்டினேன், பெரிதாக்கினேன், மறுபடி வெட்டினேன். எவ்வளவு பெரிதாக்கினாலும் முகங்கள் அந்தப் பக்கமே பார்க்கின்றன.

மார்ஜெட்டா பின்னால் வந்து நின்றாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றாள் கடைசியில்.

மருந்துக்கடையில் நான் இதே குரலில், "டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்று சொல்வேன்.

நவம்பர் 25

மூன்று படங்களைத் தேர்ந்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கின்றன. இல்லை? நன்றாகத்தான். அவனுடையவை என் பழைய கேமராவில் எடுத்தவை, மணல் தெளித்ததுபோல் இருக்கும். முதல்முறையாக, ஆயுதம் என் பக்கம். இப்படி நினைப்பது அசிங்கம். நினைக்கிறேன்.

நவம்பர் 30, வியாழன்

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

எங்கள் சங்கத்து முறை: பிரிண்டுகளில் பெயர் இருக்காது. பின்புறம் பெயரெழுதிக் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும், ஓட்டு முடிந்த பிறகுதான் பிரிப்பது. அதுவரை படம் வைத்தவர்கள் இருவரும் வாயைத் திறக்கக்கூடாது, திறந்தால் ஒரு லிட்டர் மது அபராதம். மற்றவர்கள் இஷ்டத்துக்குப் பேசலாம்.

இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. இடப்பக்கம் என்னுடையவை, சுத்தமாக, கண்ணாடிபோல். வலப்பக்கம் அவனுடையவை, நிழலெல்லாம் புள்ளி.

ஸ்டான்கோ இரண்டையும் மூக்கு படும் தூரத்தில் பார்த்தான். "டேப்பே வேண்டாம்பா. இடது டாக்டரோட புது மெஷின். வலது நம்ம மகிஸ்டரோட ஓட்டைப் பெட்டி. புள்ளியைப் பாருங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குக் காது அடைத்தது. பொகோமிரைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு பேச ஆரம்பித்தார்கள். என் படங்களை, அவனுடையவை என்று நினைத்து.

"எல்லாம் இருக்கு, மனுஷங்கதான் இல்ல" என்றான் ஒருவன். வீதா, "சாவித் துவாரத்துல கண்ணை வச்சுப் பாத்த மாதிரி இருக்கு. டாக்டர், இது நீங்க எடுத்ததுன்னு நம்பவே முடியல" என்றாள். ஸ்டான்கோ தன் முகத்தைத் தானே காட்டி, "அன்னிக்கு நான் அங்க இருந்தேன், அவ்வளவு கூத்து, குடிச்ச குடியில யார் எங்க நின்னு எடுத்தாங்கன்னுதான் ஞாபகமில்ல. இதுல பாத்தா என்னை மியூசியத்துல வச்ச மாதிரி இருக்கு. காசு குடுத்துக் கண்ணை வாங்கலாம், டாக்டர், காலை வாங்க முடியாது. ரெண்டடி முன்னால போயிருக்கலாமில்ல?" என்றான்.

பொகோமிர் குற்றவாளிபோல் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு விழ வேண்டிய ஒவ்வொரு அடியையும் தன் தடித்த கழுத்தில் வாங்கிக்கொண்டான். முகத்தில் ஒரு சின்ன மாறுதல்கூட இல்லை.

பிறகு வலப்பக்கம் வந்தார்கள். நானும் அப்போதுதான் அவற்றைச் சரியாகப் பார்த்தேன். ஒன்றில், சரிந்த காகிதக் கிரீடத்தை ஃப்ரான்ச்கா வாயில் ஊசியைக் கவ்வியபடி ஆயர் தலையில் நிமிர்த்துகிறாள். அவள் கண் நேராக நம்மைப் பார்த்து, "சிரிக்க வச்சே, ஊசியை விழுங்கிடுவேன்" என்கிறது. மற்ற இரண்டையும் விவரிக்க மனம் வரவில்லை.

"மகிஸ்டர்!" என்று வீதா என் தோளைத் தொட்டாள். "இத்தனை வருஷமா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" ஸ்டான்கோ எழுந்து நின்று கைதட்டினான். "நீங்க அன்னிக்குப் பேசினது நிஜம்தான். சென்சாரும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்!" என் கருத்தையே எனக்கு நிரூபித்தார்கள்.

நான் தலையை ஆட்டி மறுத்திருக்கலாம். தலையை ஆட்டுவது பேச்சில்லையே.

சிரித்தேன். கடவுளே, நான் சிரித்தேன். அந்தப் பத்து நிமிஷம் போலச் சுகமாக நான் இருந்ததில்லை.

கை தூக்கினார்கள். ஒன்பதுக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு.

வீதா டேப்பைப் பிரிக்கப் போனபோது பொகோமிர், "அதான் எல்லாருக்கும் தெரியுமே, எதுக்குப் பிரிச்சுக்கிட்டு? சுவர் மகிஸ்டருக்கு. வாங்க, பீர் சூடாகுது" என்று எழுந்து கோட்டை எடுத்தான். "ஆமா ஆமா" என்று நாற்காலிகள் நகர்ந்தன.

முடிந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜனவரி என்னுடையது. அவன் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும். செத்தாலும் சொல்ல மாட்டான். ஒரு துண்டு கேக்கைப்போல அதை எனக்கு வெட்டி வைத்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தான் — அவ்வளவு சுலபமாக! அவனுக்கு அது அவ்வளவுதானா? நான் ஐந்து தடவை கேட்டது!

"பிரிங்க" என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. நானே போனேன். ஊசிப் படத்தைத் திருப்பினேன். நகத்துக்கு டேப் அகப்படவில்லை, பல்லால் கடித்துப் பிரித்தேன். அவன் பெயர், அவனுடைய கோழிக்கிறுக்கல் எழுத்தில்.

நேர்மை என்று யாராவது சொன்னால் மறுப்பேன். அவன் கொடுத்ததை வாங்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லோரும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஸ்டான்கோ, "அப்போ... புள்ளி டாக்டரோடதா?" என்றான். வீதா என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. கடைசியில், வேறென்ன சொல்வாள் பாவம், "மகிஸ்டர், டேப் பிரிக்கறதுக்கு முன்னால பேசிட்டீங்க. ஒரு லிட்டர்" என்றாள்.

சிரித்தார்கள். பிறகு ஒரு மணிநேரம் எல்லோரும் சென்சார் தேவையா தேவையில்லையா என்று சண்டை போட்டார்கள். என் படங்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கழற்றிச் சுருட்டி எடுத்துவந்தேன்.

டிசம்பர் 1

தலைவலி என்று மார்ஜெட்டாவிடம் சொன்னேன்.

டிசம்பர் 7

அழைப்பு மணி அடித்தது. ஜன்னலில் அவன் தொப்பி தெரிந்தது. நான் குளியலறைக்குப் போய்விட்டேன். கதவுக்கு அப்பால் மார்ஜெட்டா, "வயிறு சரியில்லையாம்" என்கிறாள். "அதுக்கு ஒரு மாட்டு மருந்து இருக்கு, கொண்டு வரட்டுமா?" என்கிறான் அவன். குளியல் தொட்டி விளிம்பில் எழுபத்தைந்து வயதில் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

இன்று மாட்டிக்கொண்டேன். பூசை முடிந்து வெளியே வரும்போது கையைப் பிடித்துவிட்டான்.

"சுவருக்கு நாப்பது படம் பொறுக்கணும். எனக்கு எல்லாமே பிடிக்குது, ஒண்ணையும் விட மனசு வரல. நீ வந்து பொறுக்கித் தா."

"வீதாவைக் கேளு."

"வீதா நல்லதா பொறுக்குவா. நீ கெட்டதைத் தூக்கிப் போடுவே. எனக்கு அதுதான் வேணும்."

நடையை எட்டிப் போட்டேன். கூடவே வந்தான்.

"உன் பெட்டி என்னைப் படுத்தின பாட்டைச் சொல்லவா? பாதிப் படம் ஃபோகஸ் இல்ல. மூணுதான் தேறிச்சு, மூணையும் வச்சேன். புதுசு கையில இருந்திருந்தா முப்பது தேறியிருக்கும். அப்புறம் இதுல பெருமைப்பட என்ன இருக்கு?"

அவன் என்னைத் தேற்றுகிறான். இதைவிட ஒரு மனிதனை வேறு எப்படி அவமானப்படுத்த முடியும்?

"அன்னிக்கு ஏன் அப்படிச் செஞ்சே?" என்று கேட்டுவிட்டேன். "டேப்பைப் பிரிக்க வேண்டாம்னு."

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நீ அப்படி உக்காந்து நான் பாத்ததே இல்ல, லுட்விக். காலை நீட்டிக்கிட்டு, உன் வீடு மாதிரி. கெடுக்க மனசு வரல." பிறகு, "கேமரா இருந்திருந்தா எடுத்திருப்பேன்" என்றான்.

படம் பொறுக்க வருகிறேன் என்று சொன்னேனா? சொன்னேன். ஏன் சொன்னேன்?

டிசம்பர் 14

அவன் வீட்டில். நூற்றுக்கணக்கான படங்கள். பெரும்பாலானவை மோசம்! இரண்டு மணிநேரம் நிம்மதியாகக் குப்பையில் தள்ளினேன். மிஞ்சியதை வரிசையில் வைத்தபோது நிம்மதி போயிற்று. மோசமானதை எடுக்க அவனுக்குப் பயமில்லை, அதுதான். நான் வாழ்நாளில் அவ்வளவு மோசமான படம் எடுத்ததில்லை.

டிசம்பர் 16, சனி

மார்ஜெட்டா சந்தையில் ஃப்ரான்ச்காவைப் பார்த்தாளாம். வந்ததும் வராததுமாகக் கூடையை வைத்துவிட்டுச் சிரிக்கிறாள்.

"அவ கேக்கறா, 'மார்ட்டின் அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் ஏன் உள்ளயே வரல? வாசல்ல ஒரு மனுஷன் நிக்கவும் வரி ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்கன்னு எங்க மச்சான் ரெண்டு பீப்பாய ஒளிச்சுட்டான்'கறா."

"நீ என்ன சொன்னே?"

"கூச்சம்னேன். 'வாத்துக்காலை எடுத்து வச்சு ஆறிப்போச்சு, அப்புறம் நாய்க்குப் போட்டோம்'னா."

எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்கள். நான் முழுநேரமும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அதை நான் பார்க்கவில்லை.

ஜனவரியில் பன்றி அறுக்கும்போது வரச் சொன்னாளாம். "கேமராவும் கொண்டு வரட்டும், ஆனா கை வேலை செய்யணும்" என்றாளாம்.

ஜனவரி 5

பஸ் ஏறி மாரிபோர் போனேன், கேமராக் கடைக்கு. மார்ஜெட்டாதான் போகச் சொன்னாள். "வாங்கிடு, உன் மூஞ்சியைப் பாக்க முடியல" என்றாள். வாங்கவில்லை. மனம் தெளிந்து அல்ல. இருப்புக் கணக்கெடுப்பு என்று கதவில் எழுதி மூடியிருந்தார்கள்.

ஜனவரி 12, வெள்ளி

பொகோமிரின் கண்காட்சி திறப்பு. நல்ல கூட்டம். அவனுக்கு டை கட்டத் தெரியவில்லை, நான் கட்டிவிட்டேன், கொஞ்சம் இறுக்கமாகவே. ஒரு அம்மாள் என்னிடம் வந்து, "என்ன கேமராவாம்?" என்று கேட்டாள். எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டு அவளுக்குக் கேட்கத் தோன்றியது அதுதான். சொன்னேன். புதியது எது, பழையது எது என்று கைநீட்டிக் காட்டினேன். "ஓ, இதனாலதான் இவ்வளவு நல்லா இருக்கா" என்று புதியதைப் பார்த்துத் தலையாட்டினாள். கொஞ்ச மாதத்துக்கு முன் நானும் அப்படித் தலையாட்ட ஆசைப்பட்டவன்தான்.

ஜனவரி 20, சனி

ஃப்ரான்ச்கா வீட்டில் பன்றி அறுப்பு. பொகோமிர் காரில் கூட்டிப்போனான். கடுங்குளிர், முற்றமெல்லாம் ஆவி.

போனதும் கேமராவைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டாள். "மருந்து கலக்கின கைதானே? இந்தாங்க." ஒரு வாளி, ஒரு மரக்கரண்டி. ரத்தம் வந்து விழ விழ நான் கிளற வேண்டும். நிறுத்தினால் உறைந்துவிடும், அப்புறம் குடலில் அடைக்கிற பண்டத்துக்கு ஆகாது. "ஒரே பக்கமா சுத்துங்க, மகிஸ்டர், கஷாயம் மாதிரி!" என்று அவள் மச்சான் கத்தினான். இவன்தான் பீப்பாயை ஒளித்தவன். "ரசீது குடுப்பீங்களா?" என்றும் கேட்டான். நான், "வரி தனி" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. முற்றமே சிரித்தது. அவன் சிரித்த சிரிப்பில் வாளியே ஆடியது.

பொகோமிர் சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தான், தன் புதுக் கேமராவால். அந்த ஆவி, அந்த முகங்கள், காலை வெளிச்சம் கொட்டகை இடுக்கில் விழுகிற விதம். எல்லாம் எனக்கும் தெரிந்தது. எங்கே நின்று எடுப்பான், எது நன்றாக வரும் என்றுகூடத் தெரிந்தது. நன்றாகத்தான் வரும். வழக்கமான இடத்தில் சுருக்கென்றது. ஒரு தடவை திரும்பி, என்ன எடுக்கிறான் என்று பார்க்கத் துடித்தேன்.

திரும்ப முடியவில்லை. ரத்தம் இன்னும் வந்துகொண்டிருந்தது, கிளறிக்கொண்டிருந்தேன்.